கப்பல்பெட்டி வீரபத்திரன்

பெயரின் கடைசி எழுத்துக்கு வந்து சேர்வதற்குள் வீரபத்திரன் ஏழெட்டு புத்திமதியாவது சொல்லி முடித்திருப்பார். வலது கை டிரங்குப் பெட்டியின் பச்சை மூடி மேல் வெள்ளை எனாமலில் ஆங்கில எழுத்துகளை வரிசையாக இறக்கிக்கொண்டே போகும். வாயோ பெட்டிக்காரரைக் கப்பலில் ஏற்றி, ஆறு நாள் தண்ணீரில் வைத்திருந்து, பினாங்கில் பத்திரமாக இறக்கிவிடும். “சோப்பு போட்டுக் குளிக்கலாம்னு மட்டும் நெனைக்காத. குழாயில வர்றது உப்புத் தண்ணி. நொரையே வராது. பயித்தியம் மாதிரி தேச்சிக்கினே நிப்ப” என்று சொல்லிவிட்டு A எழுத்துக்குக் குறுக்குக் கோடு போடுவார். வந்தவர் பெட்டியைப் பார்ப்பதா, அவர் வாயைப் பார்ப்பதா என்று தெரியாமல் நிற்பார்.

செங்கழுநீரோடை வீதியில் ஒற்றைக் கதவு அகலத்தில் ஒரு கடை, பின்கட்டில் வீடு. காஞ்சிபுரத்தில் பெயர்ப் பலகை எழுதுகிறவர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஆனால் கப்பலுக்குப் போகிற பெட்டி என்றால் இவரிடம்தான் வரும். இவர் போய் வந்தவர். ஐம்பத்திரண்டாம் வருஷம் பினாங்குக்குப் போய், இரண்டு வருஷம் அங்கே கடைப் பலகைகள் எழுதிவிட்டுத் திரும்பினார். போக ஆறு நாள், வர ஆறு நாள். அந்தப் பன்னிரண்டு நாளை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷமாக ஊருக்கே கப்பல் விட்டுக்கொண்டிருக்கிறார்.

நான் எதிர் மாடியில் உள்ள நெசவாளர் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். ஆபீஸ் திறக்கும்வரை இவர் கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது என் வழக்கம். பேப்பர் என்னுடையதுமல்ல, அவருடையதுமல்ல, பக்கத்துக் காப்பிக் கடையுடையது. காப்பிக் கடைக்காரர் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

ஆள் ஒல்லி. ஐம்பது வயது இருக்கும். காதில் ஒரு பிரஷ் செருகியிருக்கும். அதைத் தேடிக்கொண்டே இருப்பார். நெசவுக்காரக் குடும்பத்தில் பிறந்து தறியில் உட்காராமல் போன ஒரே ஆள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது எனக்கே வெகுநாள் தெரியாது. இருபத்தாறு எழுத்தையும் கோலம் போல மனசில் வைத்திருக்கிறார். யாராவது தாளில் எழுதிக் கொடுத்தால் அச்சு அசலாக இறக்கிவிடுவார். “எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது சார், எழுதத்தான் தெரியும்” என்று கூச்சமில்லாமல் சொல்வார். ராஜ்யத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறியபோது ஊரில் பாதிப் பலகைகளில் ‘மெட்ராஸ்’ அழித்தது இவர் கைதான். அந்த நாலு மாதமும் அழிக்கிற வேலை பிடிக்கவில்லை என்று முனகிக்கொண்டே இருந்தார்.

கப்பல் விஷயத்தில் அவருக்கென்று சில சித்தாந்தங்கள் உண்டு. நெசவுக்காரர்களுக்குக் கப்பலில் தலை சுற்றாது. காலம் முழுக்கத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மிதித்துப் பழகியவர்கள், கீழே தரை ஆடுவது அவர்களுக்குப் புதிதில்லை. விவசாயிகளுக்குக் கட்டாயம் சுற்றும். ஆடாத நிலத்தை நம்பிப் பிழைத்தவர்கள். பெருமாள் கோயில் குடலை இட்லியில் சுக்கும் மிளகும் இருப்பதால் முதல் இரண்டு நாளைக்கு அதைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கக் கூடாது. புதுப் பெண்கள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கப்பல் ஏறக் கூடாது. “உப்புக் காத்துல ஜரிகை கறுத்துடும்மா. எறங்கறப்ப உன் வூட்டுக்காரர் பாத்துட்டு, காஞ்சிபுரத்துலருந்து வந்தியா, கரி மூட்டயிலருந்து வந்தியான்னு கேப்பாரு.” இதைக் கேட்டுச் சிரிக்காத பெண் இல்லை. பட்டுப்புடவை கட்டாமல் ஏறியவளும் இல்லை என்று கேள்வி.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். டிக்கெட்டைக் கையில் வாங்கி, பெயிண்ட் டப்பாவில் சாய்த்து வைத்து, அதைப் பார்த்துத்தான் பெயர் எழுதுவார். “டிக்கெட்டுல ஒரு பேரு, பெட்டியில ஒரு பேருன்னா பெட்டி ஹார்பர்லயே நின்னுபூடும். நீ மட்டும் போய்ச் சேருவ, கட்டுன துணியோட.”

அவர் சொன்ன புத்திமதிகளில் ஒன்றுதான் விபரீதமாகப் போனது. மாகறலிலிருந்து முனிசாமி என்று ஒரு விவசாயி, அண்ணன் கூப்பிட்டான் என்று பினாங்குக்குக் கிளம்பினார். அவரிடம் வீரபத்திரன், “ஏறின ஒடனே மொதல்ல ஒரு பாயைப் புடி. புடிச்சதும் வுடாத. பாய் இல்லன்னா பினாங்கு வரைக்கும் பேஜாருதான்” என்றார். மேல்தட்டில் கட்டில் கிடையாது, படுக்கப் பாய் வேண்டும் என்பது அவர் சொன்னதன் பொருள். முனிசாமி கப்பலில் ஏறியதும் தொப்பி வைத்த ஒரு நாகூர்க்காரரைப் பிடித்துக்கொண்டார். அவர் சாப்பிடப் போனால் கூடப் போனார், குளிக்கப் போனால் வெளியே காத்து நின்றார். மூன்றாம் நாள் அந்த மனிதர் பொறுக்க முடியாமல், “என்னங்க தம்பி, என்னையே ஒட்டிக்கிட்டு வர்றீங்க?” என்று கேட்டார். “உங்கள வுடக்கூடாதுன்னு ஊர்லயே சொல்லி அனுப்பினாங்க பாய்” என்றாராம் முனிசாமி.

அந்தப் பெரியவர் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, தன் பாயில் பாதியைக் கொடுத்தார். அதோடு விடாமல் பினாங்கில் தன் கடையிலேயே வேலையும் போட்டுக் கொடுத்தார். முனிசாமி எழுதிய நன்றிக் கடிதத்தை நான்தான் வீரபத்திரனுக்குப் படித்துக் காட்டினேன். அன்றிலிருந்து அவர், “படுக்கற பாய்ப்பா, படுக்கற பாய்” என்று அழுத்திச் சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம் யோசித்து, “மத்த பாய் கெடச்சாலும் வுடாத” என்று சேர்த்துக்கொள்கிறார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு இந்தப் பங்குனியில் ஒரு சோதனை வந்தது. அவருடைய ஒரே மகள் கலாவதிக்குத் தை மாதம் கல்யாணம் நடந்திருந்தது. மாப்பிள்ளை மாசிலாமணி பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறவர். கல்யாணமாகி மூன்றாம் வாரம் கப்பலேறிவிட்டார். இப்போது அவளுக்கும் டிக்கெட் அனுப்பிவிட்டார். தனியாகப் போக வேண்டும். வீரபத்திரனுக்குக் கவலை அதுவல்ல. அந்தப் பெண் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை.

எப்படிக் கேட்பாள்? பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கடை மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தவள். உப்புத் தண்ணீர், குடலை இட்லி, பாய் எல்லாம் வாய்ப்பாடு மாதிரி அவளுக்கு மனப்பாடம். அவர் ஒரு புத்திமதியைப் பாதியில் விட்டால் மீதியை அவள் சொல்லி முடிப்பாள். டிக்கெட் வந்த அன்றே இஞ்சியும் நார்த்தங்காயும் வாங்கி வந்துவிட்டாள். அம்மை குத்திக்கொண்டு வந்து, அந்தச் சீட்டை மஞ்சள் பையில் மடித்து வைத்துவிட்டாள். எல்லாம் அவர் சொல்கிற வரிசைப்படிதான். ஆனால் அவரைக் கேட்காமல்.

மனுஷருக்குத் தாங்கவில்லை. நேரே சொல்லவும் ரோஷம் இடம் கொடுக்கவில்லை. அதனால் மகள் கடையில் இருக்கிற நேரம் பார்த்து, அகப்பட்டவர்களுக்கெல்லாம் உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். ஏனாத்தூர்ப் பால்காரர் ஒருவர் சைக்கிளில் பெயர் எழுத வந்தார். “ஏணியில ஏறுறப்ப கீழ தண்ணியப் பாக்காத. முன்னால போறவங்க முதுகப் பாத்துக்கினே ஏறு. இன்னா, புரிஞ்சுதா?” என்று அவரைப் பிடித்துக்கொண்டார்.

“நான் ஏனாத்தூருக்குத்தாம்பா போறேன்” என்றார் பால்காரர்.

கலாவதி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் மனைவி ரேணுகாம்பாள் ஒளிவு மறைவில்லாத மனுஷி. “ஊருக்கெல்லாம் கத்துறீங்க. பெத்த பொண்ணாண்ட நேரா சொல்றதுக்கு இன்னா கேடு?” என்று என் எதிரிலேயே கேட்டாள்.

“கேக்கட்டும். கேட்டா சொல்றேன். கேக்காதவங்களுக்குச் சொல்ற பழக்கம் எனக்குக் கெடையாது.”

இதைவிடப் பெரிய பொய்யை நான் அந்த வீதியில் கேட்டதில்லை. ஆனாலும் சிரிப்பு வரவில்லை. ரேணுகாம்பாள் போன பிறகு அவர் என் பக்கம் திரும்பி, “என் கண்ணு முன்னால வளந்த பொண்ணு சார். இனிமே எப்ப பாப்பனோ. எல்லாம் தெரிஞ்சிருக்குது, சந்தோசந்தான். போறதுக்கு முன்னால என்னாண்ட ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டுப் போவட்டுமே, அது போதும்” என்றார். பேப்பரைப் பிரித்து, ஏற்கெனவே படித்த பக்கத்தையே படித்தேன்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் மெட்ராஸுக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. மறுநாள் கப்பல். கலாவதியின் பெட்டியைச் செவ்வாய்க்கிழமை எழுதினார். அன்று ஒருவரையும் கடைக்குள் விடவில்லையாம். என்னைக்கூட, “நாளைக்கு வாங்க சார்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை காலை போனேன். பச்சைப் பெட்டியில் வெள்ளை எழுத்துகள் பளபளவென்று காய்ந்து நின்றன. V. KALAVATHI, PENANG. அவர் கையால் இவ்வளவு அழகான எழுத்தை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் டிக்கெட்டைக் கொண்டுவந்து வைத்திருந்தாள் ரேணுகாம்பாள். எடுத்துப் பார்த்தேன். நாள் முழுக்க ரசீதையும் பெயரையும் ஒத்துப் பார்க்கிற பிழைப்பு எனக்கு. கண் சும்மா இருக்காது.

“வீரபத்திரன், டிக்கெட்டில் M என்று இருக்கிறதே” என்றேன்.

சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கல்யாணமானதும் பெண்ணின் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து போய்ப் புருஷனின் எழுத்து வந்துவிடுகிறது. வீரபத்திரன் போய் மாசிலாமணி. எத்தனையோ புதுப் பெண்களுக்கு அதை எழுதிக் கொடுத்த கை அது. தன் பெண்ணுக்கு எழுதும்போது மட்டும் டிக்கெட்டைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடப் பெட்டியிலும் தையல் மிஷினிலும் அவள் பெயரை எப்படி எழுதினாரோ, அப்படியே எழுதிவிட்டார்.

அவர் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். “அட, ஆமா” என்றார். அவ்வளவுதான். பிறகு பலகைக்கு அடியிலிருந்து உப்புத்தாளையும் பழைய பிளேடையும் எடுத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். காய்ந்த எனாமலைச் சுரண்டினால் அடியில் இருக்கிற பச்சையும் பெயர்ந்து வரும். அதற்கு மறுபடி பச்சை அடித்து, அது காய்ந்து, அதன் மேல் எழுத வேண்டும். நேரம் இல்லை. ஆனால் அவர் தயங்கியதற்கு அது மட்டும் காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. பிளேடை V-யின் மேல் வைத்தார், எடுத்தார். மறுபடி வைத்தார். சுரண்டவே இல்லை.

“மெட்ராஸ அழிக்கறப்ப சுளுவா இருந்துச்சு சார்” என்றார்.

சத்தம் கேட்டோ, சத்தம் இல்லாததைக் கேட்டோ, கலாவதி உள்ளேயிருந்து வந்தாள். பெட்டியையும் டிக்கெட்டையும் அப்பாவின் கையில் இருந்த பிளேடையும் பார்த்தாள். யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்த V-யைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதன் இரண்டு பக்கமும் விரலால் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடு இழுத்தாள்.

“அழிக்காத நைனா. இந்தாண்ட ஒரு கோடு, அந்தாண்ட ஒரு கோடு நிக்க வச்சா எம் ஆயிடும்” என்றாள். “நானே போட்டுடறேன். எந்த பிரஷ்ல போடணும் நைனா?”

வீரபத்திரன் அவள் முகத்தைப் பார்த்தார். காதைத் தடவி, அங்கே இருந்த பிரஷை முதல் முறையாகத் தேடாமல் எடுத்தார். அதை வைத்துவிட்டுக் கூரான இன்னொன்றை எடுத்து, நகத்தின் மேல் மயிரை நீவிப் பார்த்து, வெள்ளையில் தோய்த்து, டப்பா விளிம்பில் இரண்டு முறை வழித்து அவளிடம் கொடுத்தார். “மூச்சப் புடிச்சிக்கினு ஒரே இழுப்பு இழுக்கணும். நடுவுல நிறுத்தாத” என்றார்.

எழுதும்போது கை நடுங்காமல் இருக்க அவர் மணிக்கட்டுக்கு அடியில் ஒரு மூங்கில் குச்சியை முட்டுக் கொடுத்துக்கொள்வார். குச்சி கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. அதை எடுக்கவில்லை. பெட்டியின் குறுக்கே தன் முன்கையை நீட்டி வைத்தார். கலாவதி அதன் மேல் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, முதல் கோட்டை இழுத்தாள்.