பிரெஞ்சுச் சீமாட்டிகளும் அம்மாவின் பூட்ஸும்

பிள்ளையள், டெனிஷ் மொழியில் வட்டமாய் ஒரு எழுத்து இருக்கு. அதுக்குக் குறுக்கால ஒரு கோடு போட்டால் வேற எழுத்து. கோடில்லாத 'மோத' எண்டால் உடுப்பு நாகரிகம். கோடு போட்டால் கூட்டம். என்ரை காதுக்கு இரண்டும் ஒண்டுதான். இவ்வளவு காலம் டென்மார்க்கில், இந்த ஹேர்னிங் ஊரில் இருந்தும் அந்தக் கோடு எனக்கு ஏறவில்லை.

"அப்பா, வியாழக்கிழமை பின்னேரம் பள்ளிக்கூடத்தில மோத. கட்டாயம் வாங்கோ," எண்டு மூத்த மகள் சொன்னாள்.

கூட்டம் எண்டால் முறைப்பாடுதானே! கலியாண வீட்டுக் கோட்டைப் போட்டு, டை கட்டி, காருக்குள்ளேயே ஒரு டெனிஷ் வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனன்.

அங்கே ஒரு கதிரைகூட இல்லை. சுவரெல்லாம் படங்கள். நூறு வருசத்துக்கு முந்தின பிரெஞ்சு உடுப்புப் படங்களாம். சட்டியைக் கவிழ்த்த மாதிரித் தொப்பி, இடுப்பே தெரியாத நீளச் சட்டை, பக்கத்தில் ஒரு ஒல்லி நாய். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு தகடு வெட்டி, அந்த ஓட்டைக்குள்ளால கையாலேயே நிறம் பூசினவையாம். அதே முறையில் பிள்ளைகள் செய்த படங்களும் பக்கத்தில் தொங்கிச்சுது.

ரீச்சர் மகளின் படத்தைக் காட்டி, "எப்படி இருக்கு?" எண்டு கேட்டா. இனி இந்த உடுப்பு வரையிற படிப்பைத்தான் படிக்கவேணும் எண்டு மகளுக்கு ஆசை. அப்பா என்ன சொல்லப்போறார் எண்டு என் வாயையே பார்த்துக்கொண்டு நிண்டாள்.

இந்தப் படத்தாலதான் முறைப்பாடாக்கும் எண்டு நினைச்சு, நான் பாடமாக்கினதை ஒப்புவிச்சன்: "மன்னிக்கவேணும். இனிமேல் இப்படிச் செய்யமாட்டாள்."

ரீச்சர் முழிச்சா. மகளின் முகம் செத்துப்போச்சு.

"ஐயோ அப்பா, கூட்டம் இல்லை! உடுப்பு! கோடில்லாத மோத!"

அப்பத்தான் படத்தை வடிவாய்ப் பார்த்தன். நெடுத்த ஒரு சீமாட்டி. நீலச் சீலைக்கு மேல தடிச்ச குளிர்கோட்டு. கொசுவத்துக்குக் கீழ கறுத்த பூட்ஸ். கோயிலுக்குப் போற அவளின்ரை அம்மா! அந்த பூட்ஸை மலிவு விற்பனையில் வாங்கிக் குடுத்தவன் நான். "சீலையோட இதைப் போடாதை, சனம் சிரிக்கும்" எண்டு ஒவ்வொரு பனிக்காலமும் சொல்லுறவனும் நான்தான். படத்தைப் பார்த்தால், பக்கத்துப் பிரெஞ்சுக்காரியள் அந்த பூட்ஸுக்குப் பொறாமைப்படுற மாதிரி இருந்துது.

"ரீச்சர், நான் முதல் சொன்னது பிழை," எண்டன். "இவள் இனியும் இப்படித்தான் செய்வாள். செய்யவேணும்."

மகள் சிரிச்சுக்கொண்டு என் டையை நேராக்கி விட்டாள்.

"அப்ப அம்மாட்டை என்ன சொல்லப்போறியள்?"

"முதல்ல பூட்ஸைத் துடைச்சு வைக்கிறன். கதை பிறகு."