பதினோரு புங்கமரம்

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பழைய அரிவாளால் புங்கந்தழை வெட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். பச்சை நிழல்வலைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருபது பேர். பாதிப் பேர் பெங்களூரிலிருந்து காரில் வந்தவர்கள். மரம், மண், தண்ணீர் மூன்றையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்படி விட்டு விவசாயம் செய்வது எப்படி என்று கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். எனக்கு இது அலுத்துப்போய்விட்டது என்பதை உங்களிடம் மறைப்பானேன். அதே தழை, அதே மண்புழு, அதே இடத்தில் அதே ஜோக். முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள்.

"சார், நீங்க எப்படி பெர்மாகல்ச்சருக்குள்ள வந்தீங்க?"

"ஆர்வம்தாம்மா" என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வருஷத்துக்குப் பத்துத் தடவையாவது சொல்கிற பொய் அது. அன்றைக்கு மட்டும் சொன்ன பிறகு உறுத்தியது. கையில் கசங்கிய புங்கந்தழையின் வாசனைதான் காரணம் என்று நினைக்கிறேன். பச்சையாக இருக்கும்போது ஒரு மாதிரி கசப்பு வாசனை. சேற்றில் மிதித்து மூன்று நாள் ஆனால் ஊரே மூக்கைப் பிடிக்கிற நாற்றம். அந்த நாற்றத்தைத்தான் நான் ஒரு காலத்தில் ஒழிக்கக் கிளம்பினேன்.

எழுபதுகளின் கடைசி. வட ஆற்காடு ஜில்லாவில் விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்லிக்கொடுக்கிற கிராம சேவக் வேலை எனக்கு. ஒரு சைக்கிள், இரண்டு வெள்ளைச் சட்டை, ஒரு கையேடு. உலகத்தையே விளைய வைத்துவிடுவேன் என்ற நினைப்பு. வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் மலையடிவாரத்து அடி அண்ணாமலையில் ஒரு மாதிரி வயல் போட்டுக் காட்ட வேண்டும் என்றார் மேலதிகாரி. தோதாகக் கிடைத்தது கன்னியம்மாளின் நிலம்தான். புருஷன் லாரி ஓட்டப் போய்விடுவார், மாதத்துக்கு ஒரு நாள் வந்தால் ஜாஸ்தி. என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. முக்கால் ஏக்கரை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டாள்.

அந்த முக்கால் ஏக்கரின் வரப்பைச் சுற்றிப் பதினோரு புங்கமரம். நடவுக்கு முன்னால் கிளையைக் கழித்து, தழையைச் சேற்றில் போட்டு மிதிப்பாள். நெல்லுக்கு அதுதான் உரம். கையேட்டிலோ மாதிரி வயலில் நிழல் விழக் கூடாது என்று போட்டிருந்தது. மரத்தை எடுத்துவிடச் சொன்னேன். அவள் மாட்டேன் என்றாள். விடாமல் ஐந்து தடவை போனேன்.

"மரத்த வெட்டிட்டா தழைக்கு எங்க சார் போவேன்?"

"தழையே வேணாம்மா. எல்லாம் மூட்டையில வந்துடும்."

நானும் தழை மிதித்த வீட்டில் பிறந்தவன்தான். என் அம்மாவின் கால் விரலிடுக்கில் வருஷா வருஷம் சேற்றுப்புண் வரும். அந்தச் சேற்றிலிருந்து தப்பிக்கத்தான் நான் படித்ததே. அதனால் அவளிடம் கொஞ்சம் அழுத்தியே பேசினேன். ஆறாவது தடவை போனபோது மரங்கள் வரப்பில் சாய்ந்து கிடந்தன. என்னைப் பார்த்ததும் அவள், "இன்னா சார், சந்தோஷமா?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் வருஷம் விளைச்சல் பிய்த்துக்கொண்டு வந்தது. வயல் விழா நடந்தது. ஒலிபெருக்கி, அதிகாரி, மாலை எல்லாம் உண்டு. மாலை எனக்குத்தான் விழுந்தது, கன்னியம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று கைதட்டினாள். எனக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த வருஷம் திட்டம் கீழ்பென்னாத்தூர் பக்கம் போய்விட்டது. இலவச உர மூட்டையும் கூடவே போனது. கைக்காசில் அவள் வாங்கிப் போட்ட யூரியாவில் பயிர் தளதளவென்று வளர்ந்தது, அதற்கே புகையான் பூச்சி வந்து இறங்கியது. வயலுக்குத் தீ வைத்த மாதிரி இருந்தது. அதற்கடுத்த வருஷம் மண் தட்டினால் ஓடு மாதிரி சத்தம் போட்டது.

ஒருநாள் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். தழைக்காக மலைக்குப் போயிருக்கிறாள். காட்டுக் காவலர் பிடித்து, தழைக்கட்டையும் அரிவாளையும் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

"அந்த அரிவாள் எங்கம்மா குட்த்தது. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா திருப்பிக் குடுப்பாங்களா சார்?"

போய்ச் சொன்னேன். கிடைக்கவில்லை. கடைத்தெருவில் ஒரு புது அரிவாள் வாங்கிக் கொடுத்தேன்.  அவள் கோபமாக இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அதற்கப்புறம்தான் அவள் வயலில் என் ஞாயிற்றுக்கிழமைகள். ரோட்டோரம் புங்கங்காய் பொறுக்கி, முளைக்க வைத்து, பழைய அடிமரங்களுக்குப் பக்கத்திலேயே பதினோரு குழி எடுத்தேன். அவள் கிணறு வற்றிய மாதங்களில் சைக்கிளில் குடம் கட்டித் தண்ணீர் கொண்டுபோனேன். ஆடு தின்றது, முள் வைத்தேன். மலையிலிருந்து வரும் மழைத் தண்ணீர் வரப்பைத் தாண்டி ஓடியது, குறுக்கே வாய்க்கால் வெட்டி நிறுத்தினேன். கிடைத்த சருகையெல்லாம் மண்மேல் பரப்பினேன். எதுவும் எந்தக் கையேட்டிலும் இல்லை. தப்பு செய்தவன் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்ததுதான் எல்லாம். மண் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது.

நாலைந்து வருஷம் கழித்து, மலையைப் பார்க்க வந்து ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு வெள்ளைக்காரர் அந்த வழியாக நடந்து போனார். சருகை விலக்கிப் பார்த்தார், வாய்க்காலை அளந்தார். இதற்கு அவர்கள் நாட்டில் ஒரு பேர் இருக்கிறது, வகுப்பே நடத்துகிறார்கள் என்றார். அடுத்த ஞாயிறு மூன்று பேரைக் கூட்டி வந்தார். தெரிந்த இங்கிலீஷில் பாதியும் கையாட்டலில் பாதியுமாக நான் எடுத்த முதல் வகுப்பு அதுதான். கன்னியம்மாள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"நம்ம சேத்த மோந்து பாக்கவா சார் ப்ளேன் ஏறி வந்துக்கிறாங்க?"

அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கன்றுகள் என் தோள் உயரம் வந்திருந்தன. வெட்டி மிதிக்கிற அளவுக்குத் தழை வர இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும். நான் காத்திருக்கலாம், எனக்கு மாதாமாதம் சம்பளம். அவளால் முடியவில்லை. நிலத்தை விற்றுவிட்டு, டவுனில் லாட்ஜ் கட்டுகிற இடத்தில் கலவை சுமக்கப் போனாள். ஒருநாள் சாரத்துக்குக் கீழே அவளைப் பார்த்தேன். சாப்பாட்டுக் கூடைக்குள் கையை விட்டு, நான் வாங்கிக் கொடுத்த அரிவாளை எடுத்து நீட்டினாள்.

"உங்கள எங்கனா பாத்தா குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். நீங்களே வெச்சிக்குங்க சார். இனிமே உங்களுக்குத்தான் வேலை இருக்குது."

கேலியா, நிஜமா, இன்றுவரை தெரியாது. சொன்ன மாதிரியே ஆயிற்று. வேலையை விட்டேன், அந்த அரிவாளை வைத்துக்கொண்டு இதையே கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். நாற்பது வருஷம் ஓடிவிட்டது.

அந்த முக்கால் ஏக்கர் இப்போது பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்கள் வண்டி நிறுத்துகிற இடம். கிணற்றை மூடிவிட்டார்கள். நான் வைத்த பதினோரு மரமும் நன்றாகத்தான் வளர்ந்தன. பஸ் திரும்ப இடைஞ்சல் என்று ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள். கன்னியம்மாள் எங்கே போனாள் என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை.

வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த முன்வரிசைப் பெண் புங்கமரத்தடியிலிருந்து அரிவாளை எடுத்து வந்து, பிடியை என் பக்கமாகத் திருப்பி நீட்டினாள்.

"சார், உங்க அரிவாள்."

வாங்கிக்கொண்டேன். என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.