பிரிக்பீல்ட்ஸ் போய் உருமி கேட்ட ஞாயிறு

காலை பத்தே காலுக்குக் கேரி தீவிலிருந்து புறப்பட்டோம். கிள்ளான் ரயில் நிலையம் ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். வாடகைக் காருக்கு ஐம்பது வெள்ளி பேசியிருந்தோம். தீவு என்று பெயர்தானே தவிர, படகெல்லாம் வேண்டாம், பாலம் இருக்கிறது. பாலம் வரும்வரை இருபக்கமும் செம்பனைதான். முப்பது வருஷம் இந்தப் பாதையில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன் நான். இன்னொருவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்தால், வலது கால் பிரேக்கைத் தேடிக்கொண்டே வரும்.

"எங்க அங்கிள், கோயிலுக்கா?" என்று டிரைவர் கேட்டார்.

"கச்சேரிக்கு. பிரிக்பீல்ட்ஸ்ல. எங்க மக உருமி வாசிக்குது."

"பொண்ணா? உருமியா? பவர் லா அங்கிள்!" கண்ணாடியில் என் மனைவி சரோஜாவைப் பார்த்தார். "ஆன்டி ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்குறாங்க?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா," என்றாள் சரோஜா.

அவள் பேசாததற்குக் காரணம் உண்டு. உருமிச் சத்தம் கேட்டால் அவளுக்கு அருள் வந்துவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எஸ்டேட் கோயிலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் கொடுத்து, உட்கார வைப்பார்கள். ஆறு வருஷத்துக்கு முன்னால் கிள்ளானில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் உருமி மேளம் முழங்க, இவள் தலைவிரி கோலமாக ஆடிவிட்டாள். சொந்தத்தில் யாரோ போனில் பிடித்து அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றியது. பாசாரில் மீன் விற்கிறவன்கூடச் சிரித்தான். அன்றோடு மேளம் இருக்கிற இடத்துக்கு அவள் போவதில்லை. தைப்பூசத்துக்கும் வீட்டில்தான். மகள் விமலா பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை ஆபிசில் வேலை செய்துகொண்டே, பெண்கள் மட்டும் வாசிக்கிற உருமிக் குழுவில் நாலு வருஷமாக இருக்கிறாள். பெற்றவள் ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "நானும் வரேன்," என்று திடீரென்று சொன்னாள்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மூன்று வெள்ளிக்கு ஐந்து எலுமிச்சம்பழம் வாங்கிச் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் போட்டுக்கொண்டேன். ரயிலுக்கு மூத்தோர் கழிவு போக இரண்டு பேருக்கும் ஐந்து வெள்ளி சொச்சம். பாடாங் ஜாவா, ஷா ஆலம், சுபாங் ஜெயா என்று ஒவ்வொரு நிலையமாக நின்று நின்று போனது. கே.எல். சென்ட்ரலில் இறங்கும்போது மணி ஒன்றேகால். பிரிக்பீல்ட்ஸ் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வாழையிலைச் சாப்பாடு கேட்டேன். அவள் தேத்தண்ணி மட்டும் குடித்தாள், அதிலும் பாதி.

மண்டப வாசலில் பையைச் சோதித்த மலாய்க் காவலாளி எலுமிச்சம்பழத்தைப் பார்த்துத் தலையாட்டினார். சாப்பாட்டுப் பொருள் உள்ளே போகக்கூடாதாம்.

"மாக்கான் இல்ல, உபாட்," என்றேன். தின்கிறதில்லை, மருந்து என்று சொன்னேன்.

"பாக்சிக், இனி லிமாவ் லா!" பெரியவரே, இது எலுமிச்சை அல்லவா என்று சிரித்து, ஐந்தையும் எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டார். நான் மடித்து வைத்திருந்த திருநீற்றை மட்டும் முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். இதை நான் சரோஜாவிடம் சொல்லவில்லை.

மூன்று மணிக்குத் தொடங்கியது. எங்களுக்கு மூன்றாவது வரிசை. முதலில் ஒருவர் பாடினார். சனம் கதை பேசிக்கொண்டிருந்தது. அப்புறம் ஒரு தாலாட்டு. எப்போது பேச்சு நின்றது என்று எனக்கே தெரியவில்லை. முன்னால் இருந்த தடித்த ஆள், கழுத்தில் கனமான சங்கிலி, சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார். அடுத்து வேகமான பாட்டு. யாரும் சொல்லவில்லை, முந்நூறு பேர் கை ஒரே நேரத்தில் விழுகிறது, என் கையும்தான். லோரி ஓட்டிய காலத்தில் ரேடியோவில் வேகமான பாட்டு வந்தால் என் கால் தானாக எண்ணெய் மிதியை அழுத்தி வேகம் கூட்டும். இரண்டு தடவை குலையைச் சாலையில் கொட்டிய பிறகு மேனேஜர் ரேடியோவையே கழற்றிவிட்டார். அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம். இப்போது நினைத்தால், மனுஷன் செய்தது சரிதான்.

நாலரைக்கு விமலா குழு மேடைக்கு வந்தது. ஐந்து பெண்கள், சிவப்புச் சட்டை. விமலா வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்தாள். உருமி முனகியது. சரோஜாவின் முழங்கால் ஆடத் தொடங்கியது.

"போயிடலாமா?" என்றேன்.

"இருங்க. அவ கையப் பாக்கணும்," என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

அடி ஏறியது. சரோஜா என் மணிக்கட்டை விட்டாள். கொண்டை அவிழ்ந்தது, மூக்குக்கண்ணாடி தெறித்தது, எழுந்துவிட்டாள். என் கை பையைத் தடவியது. பழம் வாசலில் இருக்கிறது. மேடை ஓரத்திலிருந்து அறிவிப்பாளர் பதறிப்போய், "நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க!" என்று மைக்கில் கத்தினார். குழுவில் இரண்டு பேர் நிறுத்தியும் விட்டார்கள். மேளம் பாதியில் நின்றால் அருள் வந்தவர் நடுவழியில் மாட்டிக்கொள்வார். கோயிலில் வாசித்தவர்களுக்குத் தெரியும், மண்டபத்துக்காரருக்குத் தெரியாது.

விமலா நிறுத்தவில்லை. அறிவிப்பாளரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, உருமியோடு படியிறங்கி அம்மா முன்னால் வந்து நின்றாள். முதலில் அம்மாவின் உடம்பு எந்த வேகத்தில் ஆடியதோ அதே வேகத்தில் அடித்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். பாரம் ஏற்றிய லோரியை இறக்கத்தில் இப்படித்தான் கொண்டுவர வேண்டும். ஒரே மிதியாக மிதித்தால் கவிழ்ந்துவிடும்.

பக்கத்தில் ஒரு பையன் போனைத் தூக்கினான். பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழுந்தார். "டேய், கீழ போடு! உங்கம்மான்னா எடுப்பியா?" அவன் இறக்கினான். திரும்பிப் பார்த்தேன். தூக்கிய மற்ற போன்களும் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு சீனப் பெண் சரோஜாவின் கண்ணாடியைப் பொறுக்கி, தன் துணியில் துடைத்து வைத்துக்கொண்டு நின்றாள்.

சரோஜா மெல்ல உட்கார்ந்தாள். திருநீறு பூசினேன். தண்ணீர் குடித்ததும் முதல் வார்த்தை, "யாராச்சும் எடுத்தாங்களா?"

"ஒருத்தனும் எடுக்கல," என்றார் அந்த அக்கா. "எடுத்தா நான் விட்டுடுவேனா?"

விமலாவுக்கு மூச்சு வாங்கியது. "வீட்டுக்குப் போறியாம்மா?"

"ஏன், உன் பாட்டு முடிஞ்சிருச்சா?"

"பாதிதான்."

"அப்புறம் இங்க என்ன நிக்கிற? மேல போ."

மண்டபம் கை தட்டியது. மீதியையும் வாசித்தார்கள். வரிசை வரிசையாக எல்லாரும் எழுந்து ஆட, சரோஜா மட்டும் உட்கார்ந்தபடி தொடையில் தாளம் போட்டு மகள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறரை மணி ரயிலில் திரும்பினோம். எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. கல்யாண வீட்டில் படம் பிடித்தது எங்கள் சொந்தக்காரர்கள். இங்கே பேர்கூடத் தெரியாதவர்கள் போனை இறக்கினார்கள். ஒன்றரை மணி நேரம் ஒரே பாட்டுக்கு அழுது, ஒரே அடிக்குக் கை தட்டிய பிறகு, பக்கத்தில் ஆடுகிறவளை வேடிக்கையாகப் பார்க்க முடியாமல் போயிருக்கலாம். எங்கள் எஸ்டேட் கோயிலில் எல்லாரையும் எல்லாருக்கும் தெரியும். அதனால் அங்கே இது புதிதில்லை. இங்கே ஒரு சாயங்காலத்துக்குள் நடந்தது.

ஷா ஆலம் தாண்டும்போது சரோஜா கேட்டாள். "அடுத்தது எங்க வாசிக்குதாம்?"

"அடுத்த மாசம். செலாயாங்ல."

"ரயில் போகுமா?"

"போகாது. பஸ் மாறணும். ரொம்பத் தூரம்."

"தூரந்தான்," என்றாள். "சீக்கிரமே கெளம்பிடணும்."