தேர் விடுமுறை மின்னஞ்சல்

பத்திரிகை வேலையை விட்டபின், அரசு அலுவலகங்களில் கணினிப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தும் குழு ஒன்றுக்குத் தமிழில் எழுதிக்கொடுத்து வந்தேன். பயிற்சிக்கு முன்பு ஊழியர்களுக்குப் போலி மின்னஞ்சல் ஒன்றை அனுப்பி, யார் ஏமாறுகிறார்கள் என்று பார்ப்பார்கள். வில்லியனூர்ப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் ஆங்கில மின்னஞ்சலை ஒருவரும் தொடவில்லை. தமிழில் நான் எழுதினேன். ‘தேருக்கு உள்ளூர் விடுமுறை: பட்டியல் இணைப்பு’ என்பது தலைப்பு. இருபது நிமிடத்தில் திறந்துவிட்டார்கள். கேட்ட கடவுச்சொல்லையும் கொடுத்திருந்தார்கள்.

அதைத் திறந்த கணக்கு, ஒப்பந்தத்தில் இருந்த கணினி ஆபரேட்டர் பெண்ணுடையது. எங்கள் பொறியாளரின் அறிக்கையில் அவர் பெயர் மட்டும் இருந்தது.

“அன்னிக்கி நான் லீவு சார்” என்றார் அவர், பயிற்சிக்குப் போன என்னிடம். “இந்த மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுது. இந்தப் பேப்பர் மேல போச்சுன்னா என்னத் திரும்ப எடுக்க மாட்டாங்க.”

வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். விடுப்புதான்.

“அப்ப உங்க பாஸ்வேர்டு?”

சுவரைக் காட்டினார். நாள்காட்டி அட்டையில், முருகன் படத்துக்குக் கீழே, பேனாவால் எழுதியிருந்தது. இரண்டு பஸ் மாறிச் சான்றிதழுக்கு வருகிறவரை, ஆபரேட்டர் விடுப்பு என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பதற்காக அவரே எழுதி வைத்தது. அலுவலகத்தில் இருந்த ஐந்து பேரும் அந்தக் கணக்கில்தான் வேலை செய்தார்கள்.

“நாந்தாம்பா தொறந்தேன்” என்றார் கண்காணிப்பாளர். “தேருக்கு லீவு உண்டா இல்லியான்னு பாக்க வேணாமா? இதுக்குப் போயி இன்னா விசாரணை?”

“லீவு லெட்டர்னா மட்டும் சாருக்குக் கண்ணாடியே வேணாம்” என்றார் பக்கத்து மேசைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

“சிரிங்க சார். போவப்போறது எம் பேருதான?” என்றார் அந்தப் பெண்.

சிரிப்பு நின்றது. நான் கண்காணிப்பாளரிடம், “இப்ப சொன்னத எழுதிக் குடுத்துடுங்க சார்” என்றேன். அவர் அந்தப் பெண்ணிடமே பேனா வாங்கி, இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார். பொறியாளர் அறிக்கையைத் திருத்தினார்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது அந்தப் பெண் அதே இருக்கையில் இருந்தார். இப்போது ஐந்து பேருக்கும் தனித்தனிக் கணக்கு. நாள்காட்டியைப் பார்த்தேன். அட்டையில் பெயரோடு நான்கு கடவுச்சொற்கள் இருந்தன. அவருடையது இல்லை.