படலை தெரிந்த குதிரை

சீவரத்தினம் தன் அக்கா மீனாம்பிகைக்கு இரண்டு லட்சம் ரூபாய் கடன்பட்டிருந்தார். குதிரை வாங்கிய கடன்.

நீர்வேலியில் சைக்கிளில் வாழைக்குலை கட்டி விற்கத் தொடங்கி இரண்டு லொறிக்கு முதலாளியான மனிதர் அவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதனால் நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான் என்பார். கனடா மாப்பிள்ளைமார் இப்போது கலியாணத்துக்குக் குதிரையில் வந்திறங்க ஆசைப்படுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அக்காவிடம் கைநீட்டினார். நுவரெலியாவில் சவாரி போய்க் களைத்த ஒரு பழுப்புக் குதிரை லொறியேறி ஊருக்கு வந்தது.

வந்த பிறகுதான், குதிரைக்கு மேலே போட ஒன்றுமில்லை என்பது தெரிந்தது. நல்லூரில் வினோஜா நடத்தும் வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போய்ச் சேணமும் கடிவாளமும் கேட்டார். அங்கே நாய்ச் சங்கிலியும் கிளிக்கூடும் மீன் தீனியும் இருந்தன.

"ஐயா, உதுகளைக் குதிரை வித்த ஆளிட்டையே கேட்டிருக்கலாமே. பழக்கிற விதத்தையும் சொல்லியிருப்பார்."

"எனக்கோ? பிள்ளை, எங்கடை கோயில் வேட்டைத் திருவிழாவிலை குதிரை வாகனத்துக்கு முன்னாலை தோள் குடுத்து ஆட்டினவன் நான்."

"அது மரக்குதிரை எல்லோ?"

"ஆட்டுறவனுக்கு எல்லாம் ஒண்டுதான்."

ஆனாலும் வெறுங்கையோடு திரும்பினால் கௌரவம் என்னாவது? பெரிய நாய்க்கு வைத்திருந்த தூரிகையையும் சம்பூவையும் வாங்கினார். ஓட்டோவுக்கு சீற் தைப்பவனிடம் சிவப்பு ரெக்சினில் சேணம் தைப்பித்தார். அவன் பழக்கதோஷத்தில் பின்னால் "முந்திச் செல்க" என்று ஒட்டியும் கொடுத்தான். கடிவாளம் குருநகரில் வாங்கிய நைலோன் கயிறு.

பழக்கும் வேலையை யாரிடமும் விடவில்லை. தன் வீட்டு வாசல் படலையில் இரண்டு வாழைமரம் கட்டி, பழுத்த கதலிக்குலை தொங்கவிட்டு, கைபேசியில் நாதஸ்வரம் போட்டார். குதிரை வந்து வாசலில் நின்றால் குலையில் வாய் வைக்கலாம். இரண்டு கிழமையில் குதிரை தேறிவிட்டது. மாப்பிள்ளை கயிறு பிடிக்கவே தேவையில்லை, கலியாண வீட்டைக் குதிரையே கண்டுபிடிக்கும் என்று சந்திக் கடையில் சொல்லித் திரிந்தார். வாழைமரம் எல்லா நல்ல காரியத்துக்கும் கட்டுவார்கள் என்பது, வாழைக்குலை விற்றே மனிதரான அவருடைய மூளைக்கு எட்டவில்லை.

இதற்கிடையில் மீனாம்பிகை மாடிவீடு கட்டி முடித்தார். குடிபூரலுக்கு ஆவணியில் நாள் வைத்தார். ஊர் முழுக்கச் சொன்னவர் தம்பிக்கு மட்டும் வேறு விதமாகச் சொன்னார்.

"காசோடை வா. இல்லாட்டி உன்ரை கால் என்ரை படலைக்குள்ளை வரக்கூடாது. கேக்கிற ஆக்களுக்குத் தம்பிக்கு வயித்தாலை போகுதெண்டு சொல்லுறன்."

கூடப்பிறந்தவன் இல்லாமல் அக்கா குடிபுகுந்தால் அதற்குப் பிறகு சந்திக் கடையில் எந்த முகத்தோடு இருப்பது? கையில் ஒரு லட்சம் இருந்தது. மற்ற ஒரு லட்சம், அதே நாளில் அக்கா வீட்டு ஒழுங்கையிலேயே கலியாணம் செய்யும் கனடா மாப்பிள்ளை றஜிந்தன் வீட்டார் தரவேண்டிய குதிரைக் கூலி. மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி அக்கா வீட்டுக்குப் போவது என்று கணக்குப் போட்டார்.

குதிரையின் கணக்கு வேறு. தலைப்பாகையோடு றஜிந்தன் மேலே இருக்க, மேளகாரர் பின்னால் நாதஸ்வரம் ஊத, ஒழுங்கை திரும்பியதும் முதலில் தெரிந்தது மீனாம்பிகையின் வாசல். வாழைமரம், நாதஸ்வரம், பழுத்த குலை. படித்த பாடத்தில் ஒன்றும் குறையவில்லை. சீவரத்தினம் கயிற்றில் தொங்கினார். குதிரை அவரையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய் நின்று, குலையைத் தின்னத் தொடங்கியது. பெண் வீட்டார் அடுத்த வளவு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

சனம் கைபேசிகளைத் தூக்கியது. சீவரத்தினம் வேட்டியை இறுக்கிக்கொண்டு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "அக்கான்ரை வீட்டுக்கு முதல் முதல் ஒரு மாப்பிள்ளையின்ரை கால் படவேணுமெண்டு நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

இப்படி ஒரு தம்பி ஆருக்குக் கிடைப்பான் என்று பெண்கள் உருகினார்கள். மீனாம்பிகைக்கு வேறு வழியில்லை. ஆரத்தி எடுத்தார். தட்டு தம்பியின் முகத்துக்கு நேரே வந்தபோது, "காசு?" என்று உதட்டுக்குள் கேட்டார்.

"பின்னேரம் வாறன்."

குலை முடிந்த பிறகே குதிரை அசைந்தது. பெண் வீட்டு வாசலில் மாப்பிள்ளையின் தகப்பன், வழி தப்பியதற்குப் பாதிக் கூலிதான் என்றார். சீவரத்தினம் அவரை இரக்கத்தோடு பார்த்தார்.

"பேசினது ஒரு வாசலுக்கு. நான் ரெண்டு வாசல் காட்டியிருக்கிறன். கூடவெல்லோ தரவேணும்?"

முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. தகப்பன் முழுக் கூலியையும் எடுத்து நீட்டினார்.

பின்னேரம் சீவரத்தினம் படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டார். மீனாம்பிகை வந்து கையை நீட்டினார். ஐயாயிரம் ஐயாயிரமாக எண்ணி, இரண்டு லட்சத்தையும் அந்தக் கையில் வைத்துவிட்டு, உள்ளே போகக் காலைத் தூக்கினார். அக்கா விலகவில்லை, விரல்களை மடக்கவுமில்லை.

"கூப்பிடாமலே குதிரை வந்தது. உனக்குத்தான் கூப்பிட்டும் வர இவ்வளவு நேரம். சரி, என்ரை குலைக்கு ஆர் காசு தாறது?"

"அக்கா, குலை விக்கிற என்னட்டையோ?"

"உன்னட்டைத்தான். விலை உனக்குத் தெரியும்."

சீவரத்தினம் மடியை அவிழ்த்தார். விரித்தபடியே இருந்த உள்ளங்கையில், கட்டுக்கு மேலே, ஆயிரம் ரூபாய்த் தாள் ஒன்றை வைத்தார். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். இன்னொன்றையும் வைத்தார்.