பேர் கேட்க முதல் தண்ணி குடுங்கோ

'மை நேம் இஸ்' என்று கம்பீரமாகத் தொடங்கிவிட்டு, அடுத்த சொல்லுக்காக முகட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற ஆள்தானே நீங்களும்? உங்களைப் போன்றவர்களால்தான் என் பிழைப்பு ஓடுகிறது. தன்னையும் பிறரையும் ஆங்கிலத்தில் மரியாதையாக அறிமுகம் செய்யப் படிப்பிக்கிறேன். நானும் வெருகல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான். கலியாணம் கட்டித் திருகோணமலைக்கு வந்த பிறகு, ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் நின்று விழுந்தெழும்பிப் பழகிய ஆங்கிலம் இது. இப்போது ஓர்ஸ் ஹில்லில், துறைமுகம் தெரிகிற ஒரு சின்ன விடுதியின் மேல்மாடியில் பின்னேர வகுப்பு நடத்துகிறேன். என் மகள் மேசைக்குக் கீழே இருந்து வெண்கட்டி தின்பாள்.

இந்த முறை வகுப்புக்கு வந்தது இரண்டே பேர். ஒருவர் அந்த விடுதியின் சமையல்காரி புஷ்பம் அக்கா. மற்றவர் ஓட்டோ ஓடும் யோகன். விடுதி முதலாளிக்கு ஒரு புதுத் திட்டம்: கணவன் கடலில் பிடித்து வரும் மீனை மனைவி வெள்ளைக்காரருக்கு முன்னால் சமைத்துக் காட்ட வேண்டும். புஷ்பம் அக்காவின் வீட்டுக்காரருக்குச் சொந்தத் தோணி இருப்பதால் வாய்ப்பு அக்காவுக்கே வந்தது. முதல் கூட்டம் சனிக்கிழமை வருகிறது. அக்கா தன்னையும் அவரையும் ஆங்கிலத்தில் ஒழுங்காக அறிமுகப்படுத்தினால் இனி முன்பக்கத்தில் வேலை. சொதப்பினால் கொழும்பிலிருந்து ஒரு பிள்ளையை எடுப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். பிறகு அக்கா பழையபடி குசினிக்குள் சட்டி கழுவ வேண்டியதுதான்.

சொந்தம் வந்து கெடுத்தது

முதல் நாள் இருவரையும் எதிரும் புதிருமாக நிற்க வைத்தேன். யோகன் அழகாகச் சொன்னார்: "மை நேம் இஸ் யோகன். ஐ ஆம் ஃப்ரம் சம்பூர்." அக்கா 'நைஸ் டு மீட் யூ' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "சம்பூரில எந்தப் பக்கம்? கோயிலடியோ? இடம்பெயர்ந்து எந்த முகாமில இருந்தனீங்கள்?" என்று தமிழில் தொடங்கிவிட்டா.

முகாமில் இருந்து ஒரு கலியாணவீட்டுக்குப் போனார்கள். கலியாணவீட்டில் இருந்து ஒரு சித்தப்பாவுக்குப் போனார்கள். கடைசியில் யோகன் அக்காவுக்குத் தம்பி முறை என்று முடிவாயிற்று. "நல்லது, இப்ப 'நைஸ் டு மீட் யூ' சொல்லுங்கோ" என்றேன். அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தா.

"சொந்தத் தம்பிக்கு 'உன்னைச் சந்திச்சதில சந்தோசம்' எண்டு சொல்லிப்போட்டு, பிறகு எந்த முகத்தோட அவன்ர வீட்டில போய்ச் சோறு தின்னுறது, டீச்சர்?"

தண்ணி

அடுத்த வகுப்பில் நானே வெள்ளைக்காரி ஆனேன். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொண்டு படியேறி வந்து கையை நீட்டினேன். அக்கா நீட்டிய கையில் ஒரு கிளாஸ் தண்ணியை வைத்தா. கதிரையை இழுத்துப் போட்டா. கீழே போய்ப் பிளேன்டீயும் வாழைப்பழமும் கொண்டுவந்தா. வாழைப்பழம் முடிய வகுப்பு நேரமும் முடிந்தது. பேர் மட்டும் வரவில்லை.

நான் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். "அக்கா, ஆள் வந்தவுடனே பேரைச் சொல்லி, பேரைக் கேக்கவேணும் எண்டெல்லோ படிப்பிச்சனான்?"

"வந்த ஆளுக்குத் தண்ணி குடுக்காமல் பேர் கேக்கிறது பொலிஸ் மட்டும்தான், டீச்சர்."

பேரில்லாத வீட்டுக்காரர்

வெள்ளிக்கிழமைக்குள் அக்கா தன்னைப் பற்றி எல்லாவற்றையும் சரளமாகச் சொல்லப் பழகிவிட்டா. வீட்டுக்காரரை அறிமுகம் செய்யும் இடத்தில்தான் வண்டி நின்றது. "திஸ் இஸ் மை ஹஸ்பன்ட். ஹிஸ் நேம் இஸ்..." வாய் பூட்டிக்கொள்ளும். கட்டின நாள் தொட்டு அவரின் பேரை அக்கா சொன்னதே இல்லையாம். அவரின் பேர் செல்வராசா; நான் சொல்லலாம், எனக்குத் தடையில்லை. சுவரைப் பார்த்துச் சொல்லுங்கோ என்றேன். கண்ணை மூடிச் சொல்லுங்கோ என்றேன். வேறு யாரோ ஆம்பிளையின் பேர் என்று நினைத்துச் சொல்லுங்கோ என்றேன். அந்தக் கடைசி யோசனைக்காக அக்கா அரை மணித்தியாலம் என்னோடு கதைக்கவில்லை.

"இந்தக் காலத்தில இதெல்லாம் ஒரு கதையோ?" என்று நான் பேசிக்கொண்டிருக்க, யோகன் மெல்லக் கேட்டார்: "அப்ப டீச்சர், உங்கட அவரின்ர பேரை ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்." நான் தொண்டையைச் செருமினேன். திரும்பி, வெண்கட்டியை எடுத்து, கரும்பலகையில் எழுதிக் காட்டினேன்.

"பிரச்சினை இல்லை அக்கா, நாளைக்கு அத்தானின்ர பேரை எழுதி, வெள்ளைக்காரருக்கு முன்னால இந்தப் பலகையை நான் தூக்கிக்கொண்டு நிக்கிறன்" என்றார் யோகன்.

சனிக்கிழமை

வந்தவர்கள் ஆறேழு பேர். அக்கா முதலில் எல்லாருக்கும் தண்ணி கொடுத்தா. பிறகு தன் பேர், ஊர், தொழில் எல்லாவற்றையும் பிசகில்லாமல் சொன்னா. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நான் மகளை இடுப்பில் வைத்தபடி கதவுக்குப் பின்னால் நின்றேன். அப்போது மீன் கூடையோடு அக்காவின் வீட்டுக்காரர் உள்ளே வந்தார்.

"திஸ் இஸ் மை ஹஸ்பன்ட். ஹிஸ் நேம் இஸ்..." எல்லாரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். முதலாளியின் புருவம் ஏறியது. அக்கா வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "சொல்லுங்கோவன்" என்றா. அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. என்ன மீன் என்றுதான் கேட்கிறார்கள் என்று நினைத்துக் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்திச் சத்தமாகச் சொன்னார்: "பாரை."

திருத்துவதென்றால் அக்கா உண்மைப் பேரைச் சொல்ல வேண்டும். அக்கா என்னைப் பார்த்தா. நான் மகளைப் பார்த்தேன். "யெஸ்," என்றா அக்கா, நிம்மதியாக. "மிஸ்டர் பாரை." முன்னால் இருந்த உயரமான வெள்ளைக்காரர் எழும்பி வந்து, மீன் மணக்கிற அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நைஸ் டு மீட் யூ, மிஸ்டர் பாரை."

அதுக்குப் பிறகு

முன்பக்க வேலை அக்காவுக்கே கிடைத்தது. 'மிஸ்டர் பாரை குடும்பத்துச் சமையல்' என்று முதலாளி வாசலில் பலகையும் மாட்டிவிட்டார். இப்போது குசினி யன்னலால் தலையை நீட்டித் தோணிப் பக்கம் பார்த்து "மிஸ்டர் பாரை, தேத்தண்ணி" என்று அக்கா கூப்பிட, அவர் சிரித்துக்கொண்டு ஏறி வருவார்.

நான் படிப்பித்த ஒன்றையும் ஒழுங்காகச் செய்யாமலே என் மாணவி முதலாம் தரத்தில் சித்தியடைந்துவிட்டா என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கண்ட பலன். ஆனாலும் டீச்சர் எல்லோ, மனம் கேட்கவில்லை. அவரின் சரியான பேரை எழுத வெண்கட்டியை எடுத்துக்கொண்டு வாசல் பலகையடிக்குப் போனேன். அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டா.

"டீச்சர், தயவுசெய்து அதை மட்டும் திருத்திப் போடாதேங்கோ, அவரைக் கூப்பிட எனக்கெண்டு இருக்கிறது அந்த ஒரு பேர்தான்."