இருபது விதைக்கு ஒரு டின்

குந்தி உட்கார்ந்து, வண்டியின் அடிவயிற்றுத் திருகை அரைச்சுற்றுத் தளர்த்தி, இடது கட்டைவிரல் நகத்தின்மேல் இரண்டு சொட்டு எண்ணெய் பிடிக்கிறார் சன்னாசி. நகத்தைக் கிழக்கே திருப்பி வெளிச்சத்தில் பார்க்கிறார். ஆள்காட்டி விரலால் தேய்க்கிறார். பிறகு மோந்து பார்க்கிறார். ஈப்போவிலிருந்து லகாட் வழியாகப் பத்து காஜா ஊருக்குப் போகும் கொசு பஸ் என்கிற குட்டி மோட்டாரின் ஏழு பிரயாணிகளும் இது முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஏழு பேரில் நான் ஒருவன். பத்து காஜாவில் ஒரு சர்க்கார் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஒன்பது மணிக்கு நான் நாற்காலியில் இல்லாவிட்டால் துரையின் முகம் என்ன நிறமாகும் என்று சன்னாசியிடம் பலமுறை விவரித்திருக்கிறேன்.

"தொரை முகத்த அப்புறம் பாத்துக்கலாம் கிராணியாரே. மொதல்ல எண்ணெய் முகத்தப் பாப்போம்" என்பார்.

வயது நாற்பத்தைந்து இருக்கும். ஒல்லியான உடம்பு, காக்கி அரைக்கால்சட்டை, வெள்ளைச் சட்டை. நாள் முழுக்க எண்ணெயோடு புழங்கும் மனிதருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டுக் கறை நான் கண்டதில்லை. மையோடு மட்டும் புழங்கும் என் சட்டையைப் பற்றி இங்கே எழுதாமலிருப்பது நல்லது. எண்ணெய் கறுத்துவிட்டதே என்று யாராவது பயந்தால் சன்னாசிக்குக் கோபம் வரும். "கறுக்கத்தான் செய்யும். எஞ்சின் அழுக்கையெல்லாம் அது வாங்கிக்குது. கறுப்பு தப்பில்ல. வெரல்ல நெருநெருன்னுச்சு பாருங்க, அதுதான் ஆபத்து."

மோட்டாருக்கு வருமுன் பன்னிரண்டு வருஷம் ஒரு ரப்பர் தோட்டத்து எஞ்சின் கொட்டகையில் இருந்தவர். அங்கே ஒருநாள் எண்ணெய் இல்லாமல் எஞ்சின் இறுகி நின்றுபோனது. வெட்டி வந்த பால் முழுவதும் வாளியிலேயே கெட்டது. அன்றைக்குத் தோட்டத்தில் எல்லோருக்கும் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. எஞ்சினைக் கவனிக்காதவன் யாரோ ஒருவன், வயிறு காய்ந்தது நூறு குடும்பத்துக்கு. இதைச் சொல்லும்போது மட்டும் சன்னாசி சிரிப்பதில்லை.

எண்ணெய் தேர்ந்தெடுக்க அவர் கையாளும் முறை ஊர் அறிந்த வேடிக்கை. முகம் மழிக்கிற கண்ணாடியைச் சாய்த்து வைத்து, மேல்விளிம்பில் ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஒரு சொட்டு விடுவார். சொட்டுகள் ஓடும். பக்கத்துக் கோப்பிக் கடைச் சீனர் உட்பட எல்லோரும் பந்தயம் கட்டுவோம். முந்தி ஓடும் எண்ணெய் சன்னாசியிடம் தோற்றுப்போகும். "தண்ணியா இருக்கு லா. நம்ம ஊரு வெயிலுக்கு எஞ்சின் சூட்டுல நிக்காது." நகரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் சொட்டும் தோற்கும். "இது காலையில எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது." நடுவாக, தயங்காமலும் அவசரப்படாமலும் இறங்கும் எண்ணெய்தான் அவருக்குப் பிடிக்கும். என் தங்கைக்கு மாப்பிள்ளை தேடியவர்கள் அந்தக் கண்ணாடியைக் கடன் வாங்கியிருந்தால் அவள் சுகமாக இருந்திருப்பாள்.

வண்டியில் மைல் காட்டும் கருவி எப்போதோ செத்துவிட்டது. போக வர இருபத்தைந்து மைல் என்று சன்னாசிக்குத் தெரியும். ஒவ்வொரு நடை முடிந்ததும் ஒரு ரப்பர் விதையை சிகரெட் டப்பாவில் போடுவார். இருபது விதை சேர்ந்தால் ஐந்நூறு மைல். அன்று, எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை இறக்கிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றியாக வேண்டும். மழையோ, திருவிழாவோ, வயிற்றுவலியோ அவருக்குப் பொருட்டில்லை. இறக்கிய எண்ணெய்க்கும் ஆள் காத்திருக்கும். லகாட்டில் ஆடு வளர்க்கும் இருளாயி, கொட்டகைக் கால்களைக் கறையான் அரிக்காமலிருக்கப் பூச வாங்கிப் போவாள்.

இரண்டு கொசு பஸ்களுக்கும் முதலாளி பக்கீர் முகம்மது. துணிக்கடையில் சம்பாதித்ததை மோட்டாரில் போட்டவர். குறைந்ததற்கு மேலே ஊற்றினால் போதும், நல்ல எண்ணெயை இறக்கிக் கொட்டுவது ஊதாரித்தனம் என்பது அவர் கட்சி. "ஒரு சட்டையத் தொவைக்காம மேலமேல அத்தர் பூசினா சரியாப் போயிருமா மொதலாளி?" என்று துணிக்காரரிடம் சன்னாசி கேட்டார். அன்று முதல் வண்டிக்குப் பத்து நாளைக்கு ஒரு டின் என்று ஏற்பாடானது. அதற்குமேல் ஒரு டின் கேட்டால் முதலாளியின் விசாரணைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இனி எழுதப்போவதை இரண்டு வருஷம் நான் வெளியே சொல்லவில்லை. பக்கீர் முகம்மது வண்டிகளைக் கைமாற்றிவிட்டுப் பாரிட் புந்தாரில் அரிசி வியாபாரத்துக்குப் போய்விட்டதால் இப்போது எழுதுகிறேன்.

அது இருபத்தேழாம் வருஷத்து ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. முந்தின நாள் இரண்டு வண்டிகளுக்கும் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆகி, வண்டிக் கொட்டகையில் விளக்கேற்றிக் கும்பிட்டிருந்தார்கள். இரண்டாவது வண்டியின் டிரைவர் மாயாண்டி தோட்டத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான். ஒருமுறை வண்டியைக் கால்வாயில் இறக்கியதற்காக, "இன்னொரு தப்பு நடந்துச்சு, தோட்டத்துக்கே திரும்பிப் போயிரு" என்று முதலாளி எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். மாயாண்டியின் மனைவி பாப்பா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

மாயாண்டி எஞ்சினைக் கிளப்பினான். சற்று நேரத்தில் கொட்டகை முழுக்க அடுப்பங்கரை வாசனை. எனக்குப் பசிகூட எடுத்தது. சன்னாசி ஒரே தாவலில் போய் எஞ்சினை நிறுத்தினார். திருகைத் தளர்த்தி நகத்தில் பிடித்து மோந்தார்.

"என்னடா ஊத்துன?"

மாயாண்டிக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெளக்குக்கு வாங்குன நல்லெண்ணெய்ண்ணே. பாதிப் போத்தல் மிஞ்சுச்சு. சாமிக்கு வச்சதக் கீழ ஊத்தக்கூடாதுல்ல? எஞ்சினும் ஒரு வாய் குடிக்கட்டுமேன்னு..."

சன்னாசி திட்டவில்லை. பக்தியைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை என்று நினைக்கிறேன். "சூட்டுல இது பிசினா ஒட்டிக்கும்டா. எறக்கு" என்றார். எண்ணெயை இறக்கினார்கள். மண்ணெண்ணெய் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பாமல் கையாலேயே நாலு சுற்றுச் சுற்றி, அதையும் வடித்தார்கள். பிறகு சன்னாசி அலமாரியைத் திறந்து ஒரு புது டின்னை எடுத்தார். அவருடைய வண்டிக்கு அன்று ஊற்ற வேண்டிய டின் அது. டப்பாவில் விதை இருபது ஆகியிருந்தது. அதை அப்படியே மாயாண்டி வண்டியில் கவிழ்த்தார்.

"உங்க வண்டிக்குண்ணே?" என்றான் மாயாண்டி. "ஒருநாள் பழைய எண்ணெயில ஓடாதா?"

"ஓடும். நான் ஓட்ட மாட்டேன்."

முதலாளி வந்துவிட்டார். நல்லெண்ணெய் கலந்ததை வடித்த தகரத்தைக் காலால் வண்டிக்குப் பின்னே தள்ளியவன் நான்தான். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு நான் செய்த முதல் குற்றம் அது.

"ஏன் சன்னாசி, வண்டி இன்னும் வெளிய வரல?"

"எம் பெசகு மொதலாளி. புது எண்ணெய் டின்னக் கை தவறிக் கொட்டிப்புட்டேன். வேற டின் வர்ற வரைக்கும் வண்டி நிக்கட்டும்."

பக்கீர் முகம்மது ஒரு கணம் அவரையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டீங்களா எல்லாரும்! சொட்டுச் சொட்டா எனக்குப் பாடம் நடத்துன ஆளு டின்னோட கொட்டிப்புட்டாராம்! எங்கிட்ட ஊதாரித்தனம் பத்திப் பேச்சு வந்தா இனிமே வாயத் தொறக்கக் கூடாது, ஆமா!" கோப்பிக் கடைச் சீனரும் சிரித்தார். பிரயாணிகளும் சிரித்தார்கள். நாலு வருஷமாக ஒருநாளும் நிற்காத வண்டி நின்றதில் அவர்களுக்கெல்லாம் ஒரு சந்தோஷம். எனக்கு நாக்கு நுனிவரை உண்மை வந்துவிட்டது. சன்னாசி என்னைத் திரும்பிப் பார்த்தார். விழுங்கிவிட்டேன். அன்றைக்கு அந்த மனிதர் எனக்குத் துரையைவிடப் பெரியவராகத் தெரிந்தார்.

"சரி சரி, சாயங்காலம் வேற டின் வரும்" என்று முதலாளி கடைக்குப் போனார்.

என் பயணம் அன்று மாயாண்டி வண்டியில். புறப்படும் நேரத்தில் சன்னாசி பின்பக்கமாக ஏறி, பிரயாணி போல என் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தார். பிறர் ஓட்டும் வண்டியில் அவர் உட்கார்ந்து நான் கண்டது அந்த ஒருமுறைதான்.

"என்னண்ணே, எங்க போறீங்க?" என்று மாயாண்டி திரும்பாமலே கேட்டான்.

"சும்மா, பத்து காஜா வரைக்கும். நீ ரோட்டப் பாரு."

வண்டி நகர்ந்தது. எவரும் கவனிக்காதபடி சன்னாசி செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு உள்ளங்காலையும் வண்டியின் தரைப்பலகையில் பதித்துக்கொண்டு, எஞ்சினின் ஓட்டத்தைக் காலால் கேட்பவர்போலக் கண்ணை மூடினார்.